பொறுப்பில் இருப்பவர் தம்மைத் தாமே நாள்தோறும் ஆராய்ந்து பார்க்கும் வழக்கத்தை எப்படி நிலைநிறுத்துவது?

கேள்வி: கருங்கல் வாசகி

அனைவருக்கும் வணக்கம். கருங்கல் பக்கத்தில் உள்ள ஒரு முந்திரி ஆலையில், எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால் ஓர் அண்டி ஆபீசில், பல ஆண்டுகளாகத் தரம் பிரிக்கும் மேசையில் வேலை பார்த்து வந்தேன். இவ்வாண்டு தொடக்கத்திலிருந்து உடைப்பு, போர்மா (பருப்பை உலர்த்தும் சூட்டறை), தோல் உரிப்பு, தரம் பிரிப்பு ஆகிய எல்லாப் பிரிவுகளையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை முதலாளி என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். என்னோடு தோளுரசி உட்கார்ந்து பருப்புப் பொறுக்கிய பெண்களுக்கு இப்போது நானே இடம் பிரித்துக் கொடுக்கிறேன். யாருக்கு விடுப்பு, யாரை எந்த மேசைக்கு மாற்றுவது, எடை குறைந்தால் யாரிடம் விளக்கம் கேட்பது என்பதெல்லாம் என் வாய்ச்சொல்லைப் பொறுத்தது என்றாகிவிட்டது.

பிறரை நடத்துகிற இடத்தில் இருப்பவர் ஒவ்வொரு நாளும் சிறிது நேரம் ஒதுக்கித் தம் சொல்லையும் செயலையும் தாமே எண்ணிப் பார்க்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அதை மனமார ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அதைச் செய்கிற வழிதான் எனக்குப் பிடிபடவில்லை. வீட்டுக்குப் போனதும் அடுப்படி, பிள்ளைகளின் பாடம், மாமியாருக்கு மருந்து என்று நேரம் ஓடிவிடுகிறது. எல்லாரும் உறங்கிய பிறகு படுக்கையில் எண்ணிப் பார்க்கலாம் என்று தொடங்கினால், அது ஆராய்ச்சியாக இல்லாமல் வழக்காடுவதாக மாறிவிடுகிறது.

ஒன்றைச் சொன்னால் உங்களுக்கு விளங்கும். தரம் பிரிக்கும் மேசையில் எனக்கு மூத்த அக்கா ஒருவர் இருந்தார். தொழிலை எனக்குக் கற்றுக்கொடுத்தவரும் அவரே. ஒரு பவுண்டு எடைக்கு 240 வரை நிற்கிற முழுப்பருப்பு ஒரு தரம், 320 வரை நிற்பது அடுத்த தரம் என்று பிரிப்பதற்கு எங்களிடம் தனிக் கருவி கிடையாது, கண்ணும் கையும்தான். அவருடைய தட்டில் இரண்டு தரங்களும் கலந்து வரத் தொடங்கின. பெட்டி கட்டும் இடத்திலிருந்து திரும்பத் திரும்பக் குறை வந்ததால் அவரைத் தோல் உரிப்புக்கு மாற்றினேன். அங்கே கூலி எடைக் கணக்கில் கிடைப்பதால், கை பழகும்வரை அவருக்கு வருமானம் குறையும் என்பதும் எனக்குத் தெரியும். இரவானால் "ஆலைக்காகச் செய்தாய், சரிதான்" என்று மனத்தின் ஒரு பக்கம் சொல்கிறது. "கற்றுக்கொடுத்தவரையே நகர்த்திவிட்டாய்" என்று இன்னொரு பக்கம் சொல்கிறது. இரண்டும் ஓய்வதற்குள் தூக்கம் போய்விடுகிறது. காலையில் கையில் ஒன்றும் மிஞ்சுவதில்லை.

ஆகவே, பொறுப்பில் இருந்து பழகியவர்களிடம் கேட்கிறேன். எந்த நேரத்தில், எதை வைத்து, எப்படி உங்களை நீங்களே ஆராய்கிறீர்கள்? சில நாட்களில் விட்டுப் போகாமல் அதைத் தொடர்வதற்கு என்ன செய்கிறீர்கள்?


பதில்: தக்கலை ஓய்வாசிரியர்

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம். அரசுப் பள்ளிகளில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலாவதாக, இந்த வேலையைத் தயவுசெய்து வீட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள். படுக்கை அதற்குரிய இடமே அன்று. உடல் களைத்திருக்கும் நேரத்தில் மனம் நீதிபதியாக இருப்பதில்லை. அது வக்கீலாகவோ குற்றவாளியாகவோதான் இருக்கும். பள்ளியில் கடைசி மணி அடித்து, பிள்ளைகள் வாசலைக் கடந்து, அலுவலக அலமாரியைப் பூட்டுவதற்கு முன்பு உள்ள சிறு இடைவெளியைத்தான் நான் இதற்கென்று வைத்திருந்தேன். நாள்தோறும் தவறாமல் நடக்கிற ஒரு செயலோடு புதுப் பழக்கத்தைச் சேர்த்துக் கட்டினால், அதற்கென்று தனியாக நினைவுபடுத்த வேண்டியதில்லை. உங்கள் ஆலையில் மாலை எடை போட்டுப் பதிவேட்டில் ஏற்றுகிற நேரம் இருக்குமல்லவா? அந்தப் பதிவேட்டை மூடியதும் உங்கள் சொந்தக் குறிப்பேட்டைத் திறந்துகொள்ளுங்கள். வேறு நேரம் தேட வேண்டாம்.

இரண்டாவதாக, எழுதுங்கள். எண்ணிப் பார்த்தால் போதாதா என்று பலர் கேட்பார்கள். போதாது என்பது என் உறுதியான கருத்து. நடந்து முடிந்ததை நினைவு தன் வசதிக்கேற்ப மாற்றிக்கொண்டே இருக்கும். ஒரு முடிவு நல்லபடியாக முடிந்தால் "எனக்கு அன்றைக்கே தெரியும்" என்றும், கெட்டுப்போனால் "அன்றைக்கே எனக்குச் சந்தேகம் இருந்தது" என்றும் மனம் கூசாமல் சொல்லும். மேலாண்மை அறிஞர் பீட்டர் டிரக்கர் இதற்குச் சொன்ன வழி மிக எளியது. முக்கியமான முடிவை எடுக்கும் அன்றே அதிலிருந்து என்ன விளையும் என்று எதிர்பார்க்கிறோமோ அதை எழுதி வைக்க வேண்டும். 9 மாதமோ 12 மாதமோ கழித்து உண்மையில் விளைந்ததோடு அதை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நான் கல்வியாண்டின் தொடக்கத்தில் எழுதுவதை முழுஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு எடுத்துப் பார்ப்பேன். எந்த ஆசிரியருக்கு எந்த வகுப்பைக் கொடுத்தேன், ஏன் கொடுத்தேன், என்ன எதிர்பார்த்தேன் என்பது என் கையெழுத்திலேயே இருக்கும். மறுத்துப் பேச அங்கே எனக்கு வழியில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். "நான் செய்தது நியாயமா?" என்ற கேள்விக்கு இரவு முழுவதும் விடை கிடைக்காது. அதற்குப் பதிலாக, "அவரைத் தோல் உரிப்புக்கு மாற்றினேன், பெட்டி கட்டும் இடத்திலிருந்து வரும் குறை நின்றுவிடும் என்றும், சில வாரங்களில் அவர் கை பழகிப் பழைய கூலிக்கு வந்துவிடுவார் என்றும் எதிர்பார்க்கிறேன்" என்று எழுதுங்கள். எழுதிய அந்த நொடியே இரண்டாவது எதிர்பார்ப்பை நீங்கள் உண்மையில் நம்புகிறீர்களா என்பது உங்களுக்கே தெரிந்துவிடும்.

எழுதுவதால் பயன் உண்டா என்று ஐயப்படுபவர்களுக்கு ஒரு செய்தி. ஹார்வர்டு வணிகப் பள்ளியைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வறிக்கை ஒன்று உண்டு. விப்ரோ நிறுவனத்தில் பயிற்சி பெற்ற புதிய பணியாளர்களை வைத்து நடந்த ஆய்வு அது. நாள் முடிவில் 15 நிமிடம் ஒதுக்கி, அன்று கற்றதை எண்ணி எழுதியவர்கள், அந்த நேரத்திலும் வழக்கமான வேலையையே தொடர்ந்தவர்களைவிடப் பயிற்சியின் இறுதித் தேர்வில் ஏறத்தாழ 23 விழுக்காடு மேலாகச் செய்திருந்தார்கள். கூடுதலாக உழைத்தவர்களைவிட, உழைத்ததை நின்று நிதானித்துப் பார்த்தவர்கள் முந்தினார்கள் என்பதை என் ஆசிரியர்களிடம் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

விட்டுப் போகாமல் தொடர்வது பற்றிக் கேட்டீர்கள். விட்டுப் போகத்தான் செய்யும். அதனால் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடாது. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஃபிலிப்பா லாலியும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வில், ஒரு புதுச் செயல் தானாக நடக்கிற பழக்கமாவதற்குச் சராசரியாக 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள்வரை வேறுபட்டது. இடையில் ஒருநாள் தவறியது பழக்கம் உருவாவதைக் கெடுக்கவில்லை என்பதும் அதே ஆய்வில் தெரியவந்தது. ஆகவே தவறிய நாளுக்காக மறுநாள் இரண்டு பக்கம் எழுத வேண்டாம். அன்றைக்குரியதை மட்டும் எழுதுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை எங்கேனும் போய்த் தனித்திருந்து எண்ணிப் பார்த்தால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. 1892 டிசம்பரில் விவேகானந்தர் தவமிருந்த பாறை உள்ள மாவட்டத்தில் அந்த எண்ணம் எழுவது இயல்புதான். ஆனால் அத்தகைய தனிமை வாழ்க்கையின் திசையைத் தேடுவதற்குரியது. நேற்று ஒரு பெண்ணிடம் நாம் சொன்ன சொல்லை ஆராய, இன்றைய மாலையே வேண்டும்.


பதில்: தூத்தூர் கடலோடி

அக்காவுக்கு வணக்கம். ஆழ்கடலுக்குப் போகிற விசைப்படகில் நான் சிராங்காக, அதாவது படகை நடத்துபவனாக இருக்கிறேன். கரையை விட்டால் வாரக்கணக்கில் கடல்தான். படகில் நான் ஒரு சொல் கடுமையாகச் சொன்னால் அதைக் கேட்டவன் எழுந்துபோய் ஆறுவதற்கு இடமில்லை. அடுத்த வேளைச் சோற்றையும் என் எதிரில் உட்கார்ந்துதான் உண்ண வேண்டும். அதனால் எங்கள் தொழிலில் தலைமை தாங்குகிறவன் தன்னைக் கவனிக்காமல் விட்டால் அதன் விளைவு உடனே தெரிந்துவிடும்.

ஐயா சொன்ன குறிப்பேடு நல்ல வழிதான். ஆனால் நனைந்த கையோடு நாள்தோறும் பத்தி பத்தியாக எழுத எங்களால் இயலாது. நான் பின்பற்றுவது எங்கள் ஊர்க் கோயிலில் சிறுவயதிலேயே கற்றுத்தந்த ஆன்ம சோதனை. 1544-இல் எங்கள் கடற்கரை ஊர்களில் நடந்து பணிசெய்த புனித சவேரியார் சேர்ந்திருந்த இயேசு சபையை நிறுவிய இஞ்ஞாசியார் ஒழுங்குபடுத்திக் கொடுத்த முறைகளில் ஒன்று அதில் உண்டு. அதைப் பலர் பாவசங்கீர்த்தனத்துக்கு (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவதற்கு) முந்திய வேலை என்று மட்டுமே நினைத்துவிடுகிறார்கள். அவர் சொன்னது இதுதான். எல்லாக் குறைகளையும் ஒரே நேரத்தில் பிடிக்காதே, ஒன்றை மட்டும் எடுத்துக்கொள். காலையில் அதை நினைவில் நிறுத்து. நண்பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை அது எத்தனை தடவை நேர்ந்தது என்று எண்ணி, கோடு போட்ட தாளில் அத்தனை புள்ளி வை. நண்பகல் வரியையும் இரவு வரியையும் ஒப்பிடு. இன்றையதை நேற்றையதோடும், இந்த வாரத்தைப் போன வாரத்தோடும் ஒப்பிடு. சமய நம்பிக்கை வேறாக இருப்பவரும் இந்தப் புள்ளிக் கணக்கை எடுத்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம்.

நான் எடுத்துக்கொண்டது, ஆள் பேசி முடிக்குமுன் குறுக்கே பதில் சொல்வது. படகின் கணக்கு நோட்டில் கடைசிப் பக்கம் அதற்கென்று ஒதுக்கியிருக்கிறேன். புள்ளி வைக்க அரை நிமிடம்கூட ஆகாது. இதில் நான் கண்ட பயன், இரவில் புள்ளி வைக்க வேண்டும் என்ற நினைவு பகலிலேயே வாயை ஒரு கணம் நிறுத்துகிறது என்பதுதான். எண்ணத் தொடங்கினாலே செயல் மாறத் தொடங்கிவிடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தனியாக எண்ணிப் பார்ப்பது பாதிதான். அமெரிக்க இராணுவத்தினர் தங்கள் பயிற்சிக் களங்களில் 1970-களின் பிற்பகுதியிலிருந்து வளர்த்தெடுத்த ஒரு முறை இன்று தீயணைப்புத் துறைகள், மருத்துவமனைகள் வரைக்கும் பல இடங்களில் பரவியிருக்கிறது. ஒரு செயல் முடிந்ததும் அதில் ஈடுபட்ட எல்லாரும் பதவி வேறுபாடு பார்க்காமல் கூடி, என்ன நடக்க வேண்டும் என்று எண்ணினோம், என்ன நடந்தது, ஏன் வேறுபட்டது, அடுத்த முறை எதை மாற்றுவோம் என்ற நான்கையும் பேசுவார்கள். கரைக்கு வந்து மீனை இறக்கியதும் நாங்களும் இதைச் செய்கிறோம். இருப்பதிலேயே இளைய ஆள் முதலில் பேச வேண்டும், சிராங்கு கடைசியில் பேச வேண்டும் என்பது எங்கள் படகில் கண்டிப்பு. நான் முதலில் வாய் திறந்துவிட்டால், அதற்குப் பிறகு வருவதெல்லாம் "சிராங்கு சொன்னதுதான்" என்ற ஒரே பதிலாகிவிடும். தூண்டில் கயிற்றைச் சுற்றுகிற பையன் ஒருவன் இப்படிப் பேசும்போதுதான், நான் விளக்கைத் திருப்பி வைத்திருக்கும் கோணத்தால் அவனுக்கு முள் தெரிவதில்லை என்ற செய்தி எனக்குக் கிடைத்தது. எத்தனை இரவு தனியாக உட்கார்ந்து என்னை ஆராய்ந்திருந்தாலும் அது எனக்குத் தெரிந்திருக்காது.


பதில்: திருவட்டாறு மகளிர் குழு

அன்புத் தங்கைக்கு, எங்கள் ஊராட்சியின் மகளிர் குழுக் கூட்டமைப்பில் பொறுப்பில் இருக்கும் அக்கா எழுதுகிறேன்.

ஐயா சொன்ன 15 நிமிடத்தை மதிக்கிறேன். ஆனால் ஆலை வேனைத் தவறவிட்டால் இரண்டு பேருந்து மாறி வீடு சேர வேண்டிய பெண்ணுக்கு அந்த 15 நிமிடம் யார் கொடுப்பார்? உங்களுக்கு ஐந்து நிமிடம்தான் கிடைக்கும் என்றால் ஐந்து நிமிடத்துக்குரிய வழியை வைத்துக்கொள்ளுங்கள். இன்று நான் எடுத்த ஒரு முடிவு, அது யாரைத் தொட்டது, நாளை அவரிடம் நான் கேட்க வேண்டியது என்ன என்ற மூன்று வரி போதும். மூன்றாவது வரியைத்தான் நான் உயிராகக் கருதுகிறேன். தன்னைப் பற்றி எண்ணத் தொடங்கித் தன்னிடமே முடிகிற ஆராய்ச்சியில் எனக்கு நம்பிக்கை குறைவு.

தாஷா யூரிக் என்ற உளவியலாளரின் ஆய்வுகள் இதில் எனக்குப் பெரிதும் உதவின. தம்மைத் தாம் நன்கு அறிந்திருப்பதாக நினைப்பவர்கள் 95 விழுக்காடு என்றும், உண்மையில் அப்படி இருப்பவர்கள் 10 முதல் 15 விழுக்காடுதான் என்றும் அவர் மதிப்பிடுகிறார். அதைவிட முக்கியமாக, தம்மைப் பற்றி நாள்தோறும் எண்ணுவதால் மட்டும் ஒருவர் தம்மை அறிந்துவிடுவதில்லை என்கிறார். "ஏன் இப்படிச் செய்தேன்? ஏன் எனக்கு இப்படி நேர்கிறது?" என்று கேட்கக் கேட்க, மனம் தனக்குப் பிடித்த ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து அதிலேயே உழன்றுகொண்டிருக்கும், "என்ன நடந்தது? இப்போது என்ன செய்யலாம்?" என்று கேட்டால் அடுத்த அடி தெரியும். நீங்கள் படுக்கையில் படுகிற பாடு முழுவதும் "ஏன்" என்ற கேள்வியால் வருவது. அதை அங்கேயே விட்டுவிடுங்கள் தங்கச்சி.

அந்த அக்காவின் தட்டில் தரம் கலந்தது என்று எழுதினீர்கள். ஏன் கலக்கத் தொடங்கியது என்று அவரிடம் கேட்டீர்களா என்பதை எழுதவில்லை. நெடுநாள் கைதேர்ந்தவருக்குத் திடீரென்று அளவு தவறினால் அது கண்ணாக இருக்கலாம், வெளிச்சமாக இருக்கலாம், வீட்டுக் கவலையாகக்கூட இருக்கலாம். அவரிடம் பேசாமல் எத்தனை பக்கம் எழுதினாலும் அது உங்கள் பக்கத்து வழக்காகவே இருக்கும்.

கேட்கிற விதத்திலும் கவனம் வேண்டும். "நான் எப்படி நடந்துகொள்கிறேன்?" என்று கேட்டால் எல்லாரும் "நல்லாத்தான் இருக்கு" என்றுதான் சொல்வார்கள், கூலி உங்கள் கையில் இருக்கும்போது வேறு என்ன சொல்வார்கள்? நான் எங்கள் குழுத் தலைவிகளிடம், "இந்த மாதம் உங்கள் வேலையைக் கடினமாக்கிய ஒரு காரியத்தை நான் செய்திருப்பேன், அது எது?" என்று கேட்பேன். ஒன்று இருக்கிறது என்று நானே ஒப்புக்கொண்டு கேட்பதால், சொல்பவருக்கு அது குற்றச்சாட்டாகத் தோன்றுவதில்லை. சொன்ன பிறகு விளக்கம் கொடுக்கக் கூடாது. "சரி, எழுதிக்கொள்கிறேன்" என்பதற்கு மேல் அன்றைக்கு ஒரு சொல்லும் வேண்டாம். ஒருமுறை விளக்கம் கொடுத்துவிட்டால் மறுமுறை யாரும் வாய் திறக்க மாட்டார்கள். இடித்துச் சொல்கிற ஒருவராவது அருகில் இல்லாத தலைவி, தான் நன்றாக நடத்துவதாகவே நம்பிக்கொண்டிருப்பாள்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். தோல் உரிப்புக்கு இவ்வளவு கூலி என்று வைத்தது நீங்கள் அல்ல. உங்கள் கையில் இல்லாததையும் உங்கள் கணக்கில் எழுதிக்கொண்டு வருந்தாதீர்கள். ஆனால் அதை முதலாளியிடம் எடுத்துச் சொல்லும் வாய்ப்பு உங்கள் கையில் இருக்கிறது; அதைச் சொன்னேனா என்பது உங்கள் கணக்கில் வர வேண்டியது.


பதில்: சாமித்தோப்பு வடக்கு

அனைவருக்கும் வணக்கம். கட்டட வேலைக்கு ஆள் வைத்து நடத்துபவன். மேலே எழுதியவர்கள் சொன்னது எல்லாம் பயனுள்ளது. ஆயினும் ஒரு பக்கம் விடுபட்டிருப்பதாக எனக்குப் படுகிறது.

அய்யாவழியினரான எங்களுடைய வழிபாட்டு இடங்களான பதியிலும் நிழல் தாங்கல்களிலும், பள்ளியறை என்னும் கருவறையில் சிலை கிடையாது, கண்ணாடிதான் இருக்கும். ஐயா வைகுண்டர் வழியில் வந்தவர்கள் அதன் எதிரில் தலைப்பாகையோடு நிற்கிறோம். தலை குனிந்தே நடக்க வேண்டும் என்று பழக்கப்படுத்தப்பட்ட மக்களுக்கு, தன்னைப் பார்ப்பதும் தலை நிமிர்வதும் ஒரே இடத்தில் சொல்லித்தரப்பட்டது என்று நான் புரிந்துகொள்கிறேன். தன்னை ஆராய்வது தன்னைச் சிறுமைப்படுத்துவதாக முடிந்தால் அந்தப் பழக்கம் யாருக்கும் உதவாது. சித்தாளாக இருந்து மேலே வந்த மேஸ்திரிகளிடம் நான் பார்த்த பெரிய குறை ஆணவம் அல்ல. "நமக்கு இந்த இடம் தகுமா" என்ற உள்நடுக்கம்தான் அவர்களைக் கத்த வைக்கிறது.

தங்கை எழுதியதிலும் அந்த நடுக்கம் கொஞ்சம் தெரிகிறது. ஆகவே குறிப்பேட்டில் அன்று சரியாகச் செய்த ஒன்றையும் எழுதுங்கள். "பொறுமையாக இருந்தேன்" என்று பொதுவாக எழுத வேண்டாம், "போர்மாவிலிருந்து வந்த பருப்பில் ஈரம் இருந்ததைப் பார்த்து, உரிப்பு மேசைக்கு அனுப்பாமல் திருப்பிவிட்டேன், அதனால் பருப்பு உடையாமல் தப்பியது" என்பது போல, நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். எது நன்றாக வந்தது, எதனால் வந்தது என்று தெரியாமல் அதைத் திரும்பச் செய்ய இயலாது.


கருங்கல் வாசகியின் மறுமொழி

ஐயாவுக்கும், கடலோடித் தம்பிக்கும், திருவட்டாறு அக்காவுக்கும், சாமித்தோப்பு அண்ணாவுக்கும் மனமார்ந்த நன்றி.

திருவட்டாறு அக்காவின் கேள்வியைப் படித்த மறுநாளே, மதியச் சோற்று நேரத்தில் அந்த மூத்த அக்காவின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். மேசையை மாற்றியதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், "அக்கா, தரம் பிரிக்கும்போது உங்களுக்கு எது சிரமமாக இருந்தது?" என்று மட்டும் கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை என்றார். பிறகு சோற்றுப் பாத்திரத்தை மூடிவிட்டு, குழல்விளக்கு வெளிச்சத்தில் பருப்பின் ஓரம் சில மாதங்களாகக் கலங்கித் தெரிவதாகவும், சொன்னால் வேலையிலிருந்தே நிறுத்திவிடுவார்களோ என்று பயந்ததாகவும் சொன்னார். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவுக்கு அவரை அழைத்துப்போக அவருடைய மகள் ஒப்புக்கொண்டிருக்கிறாள். கண்ணாடி போட்டுச் சரியாகிவிட்டால் பழைய மேசைக்கே எடுத்துக்கொள்ளலாமா என்று முதலாளியிடம் கேட்டிருக்கிறேன். அவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

நான் இப்போது எடுத்துக்கொண்டது, எடைப் பதிவேட்டை மூடியதும் எழுதும் மூன்று வரியும், தம்பி சொன்ன புள்ளிக் கணக்கும். புள்ளிக்கு நான் தேர்ந்தெடுத்தது, பழைய தோழிகளிடம் ஒரு குறையைச் சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் தள்ளிப்போடுவது. கத்துவதைவிட அதுதான் என்னிடம் கூடுதலாக இருக்கிறது என்று இரண்டு மூன்று நாள் கவனித்ததில் தெரிந்தது. கூட்டமாகப் பேசுவதை மட்டும் சற்றுத் தள்ளி வைத்திருக்கிறேன். கூலி வாங்கும் நாளில் தொடங்கினால் பேச்சு முழுவதும் கூலியைப் பற்றியே போய்விடும் என்பதால் வேறொரு நாள் பார்க்க வேண்டும்.

ஓர் ஐயம் மிச்சமிருக்கிறது. குறிப்பேட்டில் ஆட்களைப் பற்றி எழுத நேர்கிறது. அது வேறு யார் கையிலாவது சிக்கினால் என்ன ஆகும்? முதலாளியே "காட்டு, பார்ப்போம்" என்று கேட்டால் என்ன செய்வது? இந்தப் பயத்தினாலேயே சில வரிகளை எழுதாமல் விட்டுவிடுகிறேன்.


பதில்: தக்கலை ஓய்வாசிரியர்

சகோதரி, நல்ல கேள்வி. தொடக்கத்திலேயே தீர்த்துக்கொள்ள வேண்டியதும்கூட.

ஆலையின் பதிவேடு வேறு, உங்கள் குறிப்பேடு வேறு. உற்பத்தி, எடை, வருகை, குறை எதுவும் உங்கள் குறிப்பேட்டில் இருக்கக் கூடாது. அவையெல்லாம் முதலாளிக்குக் கணக்குக் காட்ட வேண்டியவை. அப்படிப் பிரித்து வைத்துவிட்டால், அவர் கேட்கும்போது "இதில் ஆலைக் கணக்கு ஒன்றுமில்லை, என் சொந்தக் குறிப்பு" என்று நேராகச் சொல்லலாம். நோட்டையும் உங்கள் காசில் வாங்குங்கள், ஆலை மேசையில் வைக்காமல் உங்கள் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது, எழுதும் முறை. பிறருடைய குணத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுத வேண்டாம். சோம்பேறி, பொய்க்காரி, வாய்க்காரி என்பன போன்ற சொற்களுக்கு அந்தப் பக்கங்களில் இடமில்லை. நீங்கள் என்ன சொன்னீர்கள், என்ன செய்தீர்கள், எதைத் தள்ளிப்போட்டீர்கள் என்பதுதான் பொருள். மற்றவர் அதில் வந்தாலும் அவர் சொன்ன சொல்லாகவோ, அவருக்கு நேர்ந்ததாகவோ மட்டுமே வரட்டும். நான் பெயரெழுதாமல் "ஏழாம் வகுப்புக் கணக்கு ஆசிரியர்" என்று வேலையைத்தான் குறிப்பேன். எழுதப்பட்டவரே ஒருநாள் அந்தப் பக்கத்தைப் படிக்க நேர்ந்தாலும் அவர் மனம் நோகாதபடி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டால், பயந்து விட்டுவிட வேண்டிய வரிகள் வெகுவாகக் குறைந்துவிடும். மருத்துவச் செய்தி, குடும்பச் சிக்கல் முதலியவற்றை ஒருபோதும் எழுத வேண்டாம். அந்த அம்மாவின் கண்ணைப் பற்றிக்கூட "நாளை கேட்க வேண்டும்" என்ற அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

நோட்டு முடிந்ததும் முடிவுகளையும் எதிர்பார்ப்புகளையும் மட்டும் புது நோட்டின் முன்பக்கங்களில் நாளோடு எழுதிக்கொண்டு, பழையதைக் கிழித்துப் போட்டுவிடலாம்; நான் அப்படித்தான் செய்தேன். மேசை மாற்றத்துக்கு 9 மாதம் காத்திருக்க வேண்டாம், அடுத்த போனஸ் கணக்குப் பார்க்கும் வேளையிலேயே எடுத்துப் பாருங்கள். முதலாளி ஒப்புக்கொண்டு அவர் பழைய மேசைக்குத் திரும்பினால், அதையும் புது முடிவாக எதிர்பார்ப்போடு எழுதி வையுங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால், அவரிடம் இரண்டாம் முறை எப்போது கேட்கப் போகிறீர்கள் என்ற நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்.